11 கி.வோ. பீடருக்கு ரிலேயும் பியூஸும் அமைப்பது எப்படி: கடைசிக் கம்பத்திலிருந்து போடும் கணக்கு

பீடர் என்பது துணை மின் நிலையத்திலிருந்து ஊர்களுக்குப் போகும் லைன்; அதில் பழுது வந்தால் மின்னோட்டத்தைப் பார்த்து பிரேக்கரைத் திறக்கச் சொல்வது ரிலே. பீடரின் ரிலே அமைப்பைப் பல இடங்களில் துணை மின் நிலையத்தில் உட்கார்ந்தபடியே முடிவு செய்துவிடுகிறார்கள். லோடு எவ்வளவு, சி.டி. (லைனின் மின்னோட்டத்தைச் சிறிதாக்கி ரிலேக்குத் தரும் கரண்ட் டிரான்ஸ்பார்மர்) விகிதம் என்ன, பக்கத்து பீடரில் என்ன வைத்திருக்கிறார்கள், அதையே இதிலும் வை என்று வேலை முடிந்துவிடுகிறது. பஸ்பாருக்கு (நிலையத்தில் எல்லா பீடரும் பிரியும் பொதுக் கம்பிக்கு) பக்கத்தில் பழுது வந்தால் எந்த அமைப்பும் வேலை செய்யும். பல ஆயிரம் ஆம்பியர் ஓடும்போது கண்டுகொள்ளாத ரிலே இல்லை. லைனின் வால்முனையில்தான் அமைப்பு சரியா தவறா என்பது தெரியும். அங்கே இரண்டு கம்பி உரசும்போது வரும் மின்னோட்டம் ரிலேயின் தொடக்க அளவை (அது இயங்கத் தொடங்கும் ஆம்பியரை) தாண்டவில்லை என்றால், கம்பி உருகி அறுந்து விழும்வரை பிரேக்கர் மூடியே இருக்கும். அதனால் கணக்கை வாலிலிருந்து தொடங்க வேண்டும்.

கீழே உள்ள எண்கள் ஒரு மாதிரி பீடருக்கானவை. துணை மின் நிலையத்தில் 16 எம்.வி.ஏ., 110/11 கி.வோ. பவர் டிரான்ஸ்பார்மர், இம்பிடன்ஸ் 10 சதவீதம். பீடரின் முதன்மை லைன் 12 கி.மீ. ராபிட் கம்பி (ராபிட், வீசல் என்பவை எஃகு மையமுள்ள அலுமினியக் கம்பியின் அளவுப் பெயர்கள்). அதன் முடிவிலிருந்து 4 கி.மீ. வீசல் கம்பியில் ஒரு கிளை. மொத்தம் நாற்பது 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர்கள், உச்ச லோடு 180 ஆம்பியர். சி.டி. 400/1, வகுப்பு 5பி20 (20 மடங்கு மின்னோட்டம்வரை 5 சதவீதப் பிழைக்குள் காட்டும்). உங்கள் பீடரின் எண்களை இதே வரிசையில் போட்டுப் பாருங்கள்.

முதலில் பழுது மின்னோட்டம்

டிரான்ஸ்பார்மரின் இம்பிடன்ஸை 11 கி.வோ. பக்கத்துக்கு ஓமில் மாற்ற: 11-ஐ வர்க்கம் செய்து 16-ஆல் வகுத்து 0.10-ஆல் பெருக்கினால் 0.76 ஓம். மேலே உள்ள 110 கி.வோ. மூலத்துக்கு 0.04 சேர்த்து 0.8 ஓம் என்று வைக்கலாம். ஃபேஸ் மின்னழுத்தம் 6,350 வோல்ட். ஆக பஸ்பாரில் மூன்று ஃபேஸ் பழுது சுமார் 8,000 ஆம்பியர்.

ராபிட் கம்பியின் மின்தடை 20 டிகிரியில் கி.மீ.க்கு 0.54 ஓம், வீசலுக்கு 0.91. குறைந்தபட்சப் பழுதைக் கணக்கிடும்போது இந்தக் குளிர்ந்த எண்களை எடுக்கக் கூடாது. வெயிலிலும் லோடிலும் கம்பி 70, 75 டிகிரிக்குப் போகும்போது ராபிட் 0.65-க்கும் வீசல் 1.1-க்கும் ஏறிவிடும். ரியாக்டன்ஸ் இரண்டுக்கும் கி.மீ.க்கு 0.36, 0.37 ஓம் அளவில் இருக்கும்.

முதன்மை லைனின் முடிவில் மின்தடை 7.8 ஓம், ரியாக்டன்ஸ் மூலத்தையும் சேர்த்து 5.1 ஓம். இரண்டையும் வர்க்கம் செய்து கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 9.3 ஓம். மூன்று ஃபேஸ் பழுது 680 ஆம்பியர். இரண்டு ஃபேஸ் மட்டும் உரசினால் அதில் 0.866 பங்கு, அதாவது 590 ஆம்பியர். வீசல் கிளையின் கடைசிக் கம்பத்தில் மின்தடை 12.2, ரியாக்டன்ஸ் 6.6, மொத்தம் 13.9 ஓம். அங்கே இரு ஃபேஸ் பழுது வெறும் 396 ஆம்பியர்தான். பஸ்பாரில் 8,000, வாலில் 396: ஒரே ரிலே இந்த இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஓவர்கரண்ட் அமைப்பு

தொடக்க அளவுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. உச்ச லோடைவிடக் குறைந்தது 1.25 மடங்கு இருக்க வேண்டும். வால்முனை இரு ஃபேஸ் பழுது அதைப்போல 1.5 மடங்காவது இருக்க வேண்டும். 180-ஐ 1.25-ஆல் பெருக்கினால் 225. சி.டி.யின் 60 சதவீதத்தில் வைத்தால் 240 ஆம்பியர். வாலில் 396-ஐ 240-ஆல் வகுத்தால் 1.65. இரண்டு எல்லைக்குள்ளும் வந்துவிட்டது.

ரிலே எவ்வளவு நேரத்தில் இயங்கும் என்று சொல்லும் வளைவு ஐ.இ.சி. ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ்: மின்னோட்டம் கூடக் கூட நேரம் குறையும். நேரம் காண, மின்னோட்டத்தைத் தொடக்க அளவால் வகுத்து, வரும் மடங்கை 0.02 என்ற அடுக்குக்கு உயர்த்தி, அதில் 1-ஐக் கழித்து, 0.14-ஐ அதனால் வகுத்து, டி.எம்.எஸ். எண்ணால் (நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் ரிலேயில் வைக்கும் பெருக்கு எண்) பெருக்க வேண்டும். டி.எம்.எஸ். 0.1 என்று வைத்தால் 20 மடங்கில் 0.23 வினாடி (அதற்கு மேல் நேரம் குறைவதில்லை என்று எடுத்துக்கொள்கிறோம்), முதன்மை லைனின் முடிவில் 0.77 வினாடி, கிளையின் வாலில் 1.4 வினாடி.

கோடையில் பீடர் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று தொடக்க அளவை 240-இலிருந்து 320-க்கு உயர்த்துவதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு. அப்போது வாலில் மடங்கு 1.24 ஆகிறது. அதே பழுது நீங்க 3.3 வினாடி ஆகும். இது உரசும் இடத்தில் வில்லின் மின்தடையே இல்லை என்று எடுத்துக்கொண்ட கணக்கு. கொஞ்சம் சேர்த்தாலும் ரிலே தொடங்காமலே போகலாம். ராபிட் கம்பி தாங்கும் தொடர் மின்னோட்டமே 200 ஆம்பியர் அளவில்தான். லோடு அதைத் தாண்டினால் பீடரைப் பிரிப்பதோ கம்பியை மாற்றுவதோதான் வழி. ரிலேயைக் கண்மூட வைப்பது வழியாகாது. நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு திரும்ப ஏற்றும்போது மட்டும் ட்ரிப் ஆகிறதென்றால் அது வேறு விஷயம்: எல்லா மோட்டாரும் குளிர்பெட்டியும் ஒரே நேரத்தில் எழுகின்றன. நியூமெரிக்கல் (டிஜிட்டல்) ரிலேயில் இதற்கென்றே கோல்ட் லோடு பிக்கப் வசதி இருக்கிறது, சில நிமிடங்களுக்கு மட்டும் அளவை உயர்த்தி வைக்கும். அதைப் பயன்படுத்துங்கள்.

உடனடி ட்ரிப்பை நிலையத்திலிருந்து முதல் 2 கி.மீ.க்குள் வரும் பழுதுக்கென்று ஒதுக்கலாம். 2 கி.மீ.யில் மூன்று ஃபேஸ் பழுது சுமார் 3,400 ஆம்பியர். உடனடி அளவை 3,400-இல் வைத்தால், பீடரை ஏற்றும்போது வரும் டிரான்ஸ்பார்மர் இன்ரஷ் (ஏற்றும் கணத்தில் பாயும் பெரும் மின்னோட்டம்) அதைத் தொடாது. நாற்பது டிரான்ஸ்பார்மர்களின் முழு லோடு 210 ஆம்பியர், அதன் 12 மடங்கு என்றாலும் 2,500-தான். ராபிட் கம்பியின் அலுமினியப் பரப்பு 52.88 சதுர மி.மீ.; அது 1 வினாடிக்குத் தாங்குவது ஏறத்தாழ 4,700 ஆம்பியர். 8,000 ஆம்பியரில் அந்தத் தாங்குநேரம் 0.35 வினாடியாகச் சுருங்கிவிடும். ரிலேயின் 0.23 வினாடியோடு பிரேக்கர் திறக்கும் நேரத்தைச் சேர்த்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. நிலையத்தின் வாசலிலேயே கம்பி அறுந்து விழும் பீடர்களில் உடனடி ட்ரிப் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்கமர் ரிலே (பவர் டிரான்ஸ்பார்மரிலிருந்து பஸ்பாருக்கு வரும் பிரேக்கரின் ரிலே) பீடர் ரிலேக்குப் பின்னால் நிற்க வேண்டும். நியூமெரிக்கல் ரிலேக்களுக்கு இடையே 0.3 வினாடி, பழைய வட்டு ரிலேக்களுக்கு 0.4 வினாடி இடைவெளி போதும். 16 எம்.வி.ஏ.வின் முழு லோடு 840 ஆம்பியர். இன்கமரை 1,000 ஆம்பியர், டி.எம்.எஸ். 0.16-இல் வைத்தால் 8,000 ஆம்பியரில் 0.53 வினாடி. பீடரின் உடனடி ட்ரிப் தவறினாலும், அதன் இன்வர்ஸ் பகுதி வேலை செய்ய இது நேரம் தருகிறது. இன்கமரில் உடனடி ட்ரிப் வைக்காதீர்கள். வைத்தால் ஒரு பீடரின் பழுதுக்கு எல்லா பீடரும் இருளும்.

எர்த் ஃபால்ட்: உயிர் போகும் இடம்

எர்த் ஃபால்ட் என்பது ஃபேஸ் கம்பி தரையைத் தொடும் பழுது; அதற்கான ரிலே மூன்று ஃபேஸ் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகையைப் பார்க்கிறது. டெல்டா (நியூட்ரல் இல்லாத முக்கோண இணைப்பு) சுற்றுள்ள டிரான்ஸ்பார்மர்கள் மட்டுமே தொங்கும் மூன்று கம்பி 11 கி.வோ. லைனில் சமனற்ற லோடு இருந்தாலும் மூன்று ஃபேஸ் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை கிட்டத்தட்ட பூஜ்யம்தான். அதனால் எர்த் ஃபால்ட் தொடக்க அளவை லோடோடு ஒப்பிட்டு உயர்த்தத் தேவையே இல்லை. சி.டி.யின் 10 சதவீதம், அதாவது 40 ஆம்பியர், நல்ல தொடக்கம். ஏற்றும் கணத்தில் சி.டி.கள் சமமின்றிச் செறிவடைந்து பொய் ட்ரிப் தந்தால், இரண்டாம் ஹார்மோனிக் தடுப்பை (இன்ரஷை அடையாளம் கண்டு ட்ரிப்பை நிறுத்தி வைக்கும் வசதி) இயக்குங்கள், அல்லது 0.1 வினாடி தாமதம் கொடுங்கள். 40-ஐ 120 ஆக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 12.5 கி.வோ. லைன்களில் கம்பியைத் தரையில் போட்டுச் செய்த சோதனைகளில் கிடைத்த எண்களைப் பாருங்கள். காய்ந்த தார்ச்சாலையிலும் உலர்ந்த மணலிலும் மின்னோட்டம் ஏறத்தாழ பூஜ்யம். ஈர மணலில் 15 ஆம்பியர், காய்ந்த புல்லில் 25, ஈரப் புல்லில் 50, கம்பி போட்ட கான்கிரீட்டில் 75. சாதாரண எர்த் ஃபால்ட் ரிலே இந்தப் பட்டியலின் கடைசி இரண்டை மட்டுமே பார்க்கும். அதனால்தான் அறுந்த கம்பி உயிரோடு கிடக்கிறது, நிலையத்திலோ எந்த அறிகுறியும் இல்லை.

இதற்கு முழுத் தீர்வு தரும் ஒற்றை ரிலே கிடையாது. அடுக்கடுக்காகத்தான் அமைக்க முடியும். பீடர் கேபிளாக வெளியேறும் இடத்தில் மூன்று ஃபேஸையும் ஒன்றாகச் சுற்றும் கோர் பேலன்ஸ் சி.டி. பொருத்தி, 5 முதல் 10 ஆம்பியரில், 3 முதல் 5 வினாடி தாமதத்தோடு சென்சிடிவ் எர்த் ஃபால்ட் வைக்கலாம். கேபிளின் கவச எர்த் வயர் அந்த சி.டி.க்குள் திரும்ப நுழைந்து வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் கவசத்தில் திரும்பும் மின்னோட்டம் கணக்கைக் கெடுக்கும். இரண்டாவது, நியூமெரிக்கல் ரிலேயில் உள்ள பிரோக்கன் கண்டக்டர் (அறுந்த கம்பி) பகுதி. எதிர்வரிசை மின்னோட்டத்துக்கும் நேர்வரிசை மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதத்தை (மூன்று ஃபேஸும் எவ்வளவு சமனற்றிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு) 20 சதவீதத்தில், 5 முதல் 10 வினாடி தாமதத்தில் அமைக்கலாம். முதன்மை லைனில் கம்பி அறுந்தால் இது பிடிக்கும். கடைசிக் கிளையில் அறுந்தால் அதன் லோடு மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு என்பதால் தவறவிடும்.

இன்னொன்றைக் களத்தில் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும். அறுந்த கம்பியின் நிலையப் பக்க முனை கம்பத்திலேயே தொங்கி, லோடு பக்க முனை மட்டும் தரையில் விழுந்தால், மின்சாரம் மற்ற இரண்டு ஃபேஸ் வழியாக டிரான்ஸ்பார்மருக்குள் போய் அங்கிருந்து அந்த முனைக்குத் திரும்பி வருகிறது. மின்னோட்டம் மிகச் சிறியது, எந்த ரிலேயும் பார்க்காது. ஆனால் தொட்டவர் பிழைக்க மாட்டார். "சப்ளை வரும் பக்கம் அறுந்துவிட்டது, இந்தப் பக்கம் செத்த கம்பி" என்று ஒருபோதும் எண்ணாதீர்கள்.

கிளைக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் பியூஸ்

வீசல் கிளையில் எட்டு 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர்கள் இருந்தால் முழு லோடு 42 ஆம்பியர். கிளை தொடங்கும் கம்பத்தில் டிராப் அவுட் பியூஸ் (உருகியதும் குழாய் தானாகக் கீழே தொங்கும் பியூஸ்) வைத்து அதில் 50கே லிங்க் (50 ஆம்பியர், வேகமாக உருகும் கே வகை இழை) போட்டால், வாலின் 396 ஆம்பியரில் அரை வினாடிக்குள் உருகிவிடும்; ரிலேக்கு 1.4 வினாடி ஆகும் என்பதால் கிளை மட்டும் பிரியும், பீடர் நிற்கும். எர்த் ஃபால்ட் ரிலேயின் நேரத்தையும் இதோடு ஒப்பிட மறக்காதீர்கள். 40 ஆம்பியர் தொடக்கத்தில் அது பியூஸை முந்திவிடக்கூடும், அப்போது டி.எம்.எஸ். எண்ணைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருக்கும்.

100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் 11 கி.வோ. பக்க முழு லோடு 5.25 ஆம்பியர், 433 வோல்ட் பக்கம் 133 ஆம்பியர். இம்பிடன்ஸ் 4.5 சதவீதம் என்றால் எல்.டி. (433 வோல்ட்) முனையில் மூன்று ஃபேஸ் பழுது 2,960 ஆம்பியர். அது ஹெச்.டி. (11 கி.வோ.) பக்கம் 117 ஆம்பியராகத் தெரியும். ஒரு ஃபேஸ் மட்டும் நியூட்ரலைத் தொட்டால், டெல்டா-ஸ்டார் சுற்று காரணமாக இரண்டு ஹெச்.டி. ஃபேஸில் 67 ஆம்பியர் மட்டுமே. பீடர் ரிலேயின் 240 ஆம்பியர் இவற்றை ஒருபோதும் பார்க்காது. டெல்டா இருப்பதால் எர்த் ஃபால்ட் ரிலேக்கும் தெரியாது. ஆகவே டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றுவது ஹெச்.ஜி. (ஹெச்.டி. பக்கத்து ஹார்ன் கேப்) பியூஸும் எல்.டி. பியூஸும்தான். 10கே லிங்க் சுமார் 20 ஆம்பியரில், ஐந்து நிமிடத்தில் உருகும்; 67 ஆம்பியரில் வினாடிக்கணக்குதான். அந்த இடத்தில் லைன் கம்பியின் ஒரு இழையைப் பிரித்துக் கட்டினால், எல்.டி. பழுது டிரான்ஸ்பார்மருக்குள்ளேயே எரிந்து முடியும்.

எல்.டி. பக்கம் செம்பு வயர் கட்டும் இடங்களில், வயரின் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து 1.5 அடுக்குக்கு உயர்த்தி 80-ஆல் பெருக்கினால் உருகும் ஆம்பியர் கிடைக்கும். 20 கேஜ் 70, 18 கேஜ் 107, 16 கேஜ் 166, 14 கேஜ் 230 ஆம்பியர். இரண்டு இழை முறுக்கினால் இரு மடங்கு கிடைக்காது, அதற்குக் குறைவாகவே உருகும். தனித்தனியாக இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும்.

இப்போது எல்.டி. லைனின் வாலைப் பார்ப்போம். 800 மீட்டர் வீசல் எல்.டி. லைன்; கடைசி வீட்டருகே ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்துகொண்டால் போக வர 1.6 கி.மீ., மொத்த இம்பிடன்ஸ் 1.58 ஓம். 250 வோல்ட்டில் 158 ஆம்பியர். 16 கேஜ் வயர் 166 ஆம்பியரில்தான் உருகும். நேரான ஷார்ட் சர்க்யூட்டிலேயே பியூஸ் போகாது! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் எல்.டி. லைனை இழுத்துக்கொண்டே போக மாட்டார். அரை கி.மீ.க்குள் நிறுத்துங்கள், முடியாவிட்டால் நடுவில் ஒரு பியூஸ் கம்பம் வையுங்கள், அல்லது சிறிய டிரான்ஸ்பார்மர்களாகப் பிரித்து ஹெச்.டி.யை வீட்டருகே கொண்டுபோங்கள். எல்.டி. கம்பி தரையில் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம்: தரையின் மின்தடையும் எர்த்தின் மின்தடையும் சேர்ந்து 25 ஓம் என்றால் 10 ஆம்பியர் மட்டுமே ஓடும், எந்தப் பியூஸும் அசையாது. அங்கே காப்பாற்றுவது உறையிட்ட ஏ.பி. கேபிள் (ஒன்றாக முறுக்கிய மேல்நிலைக் கேபிள்), கம்பிகளுக்கிடையே ஸ்பேசர், வீட்டுக்குள் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (கசியும் மின்னோட்டத்தைக் கண்டு அணைக்கும் சுவிட்ச்) ஆகியவைதான்.

லைட்னிங் அரெஸ்டரைப் பற்றி ஒன்று மட்டும்: 11 கி.வோ. லைனுக்கு 9 கி.வோ., 5 கிலோ ஆம்பியர் அரெஸ்டரை டிரான்ஸ்பார்மர் தொட்டிக்கு ஒட்டியே வையுங்கள், அதன் எர்த்தைத் தொட்டியோடும் இணையுங்கள். ஜம்பரின் (இணைக்கும் துண்டுக் கம்பியின்) ஒவ்வொரு மீட்டரும் மின்னல் அலையில் பல கிலோவோல்ட்டைக் கூட்டும். கட்டமைப்பின் எர்த் மின்தடை 5 ஓமுக்குள் இருக்க வேண்டும்.

தானாகத் திரும்ப ஏற்றுவது

மேல்நிலை லைனில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை நிலையற்றவை. தென்னை மட்டை உரசிவிட்டு விழும், பறவை இறக்கை படும், மின்னல் இன்சுலேட்டர்மேல் பாயும். மின்சாரத்தை ஒரு கணம் நிறுத்தினால் வில் அணைந்து காற்று மீண்டும் காப்பாகிவிடும். வழக்கமான வாக்குவம் பிரேக்கரின் இயக்க வரிசை: திற, 0.3 வினாடி, மூடித் திற, 3 நிமிடம், மூடித் திற. அதற்கேற்ப முதல் மறுஏற்றத்தை 0.5 முதல் 1 வினாடியில் ஒரு முறை மட்டும் வையுங்கள். பல முறை வேண்டுமென்றால் கம்பத்தில் பொருத்தும் ரீக்ளோசர் (தானே திறந்து மூடும் பிரேக்கர்) வேண்டும். உடனடி ட்ரிப்பில் போனதைத் திரும்ப ஏற்றாமல் தடுப்பது நல்லது. நிலையத்தருகே வந்த பெரும் பழுதின் சூடு கம்பியிலிருந்து அதற்குள் இறங்கியிருக்காது. முழுவதும் கேபிளான பீடரில் மறுஏற்றம் கூடாது. லைனில் எல்.சி. (லைன் கிளியர்: மின்சாரம் நிறுத்திய லைனில் வேலை செய்யும் அனுமதி) கொடுத்திருந்தால், பக்கத்து லைனில் ஆள் இருந்தாலும், மறுஏற்றத்தை அணைத்துவிட்டு அட்டை தொங்கவிட வேண்டும்.

சோதித்துப் பார்ப்பது

எண்களை ரிலேயில் ஏற்றியதும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. இரண்டாம்பக்க மின்னோட்டம் செலுத்தி நேரம் எடுங்கள். டி.எம்.எஸ். 0.1-இல் ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ் தர வேண்டியது: 2 மடங்கில் 1.0 வினாடி, 5 மடங்கில் 0.43, 10 மடங்கில் 0.30. நேரத்தை ரிலேயின் தொடர்பில் மட்டும் அளக்காமல், ஒரு முறையாவது பிரேக்கர் உண்மையில் திறக்கும்வரை அளக்க வேண்டும்.

5பி20 சி.டி. 400/1 தட்டில் 8,000 ஆம்பியர்வரை, அதாவது 20 மடங்குவரை, நம்பகமாகக் காட்டும். யாராவது 200/1 தட்டுக்கு மாற்றியிருந்தால் 4,000-க்கு மேல் செறிவடையும். ரிலேயின் சதவீதமும் மாறிவிடும். சி.டி.யின் இரண்டாம்பக்கத்தை லைன் ஓடும்போது ஒருபோதும் திறக்கக் கூடாது. ஒரு ஃபேஸின் துருவம் மாறிக் கிடந்தால் லோடிலேயே எர்த் ஃபால்ட் ட்ரிப் வரும். அதை மறைக்க எர்த் ஃபால்ட்டை அணைத்து வைத்த பேனல்களும் உண்டு. லோடு ஓடும்போது சி.டி.களின் நியூட்ரல் வயரில் கிளாம்ப் மீட்டர் போட்டு, பூஜ்யத்துக்கு அருகே இருக்கிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் அடியில் பேட்டரி இருக்கிறது. டி.சி. இல்லையென்றால் பீடரும் திறக்காது, அதே பேட்டரியில் தொங்கும் இன்கமரும் திறக்காது. சார்ஜரை அணைத்துவிட்டு ஒரு பிரேக்கரை ட்ரிப் செய்து, அந்தக் கணத்தில் மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து எழுதுங்கள். ட்ரிப் காயில் மதிப்பிட்ட மின்னழுத்தத்தின் 70 சதவீதத்திலும் இயங்க வேண்டும்; 110 வோல்ட் அமைப்பில் 77 வோல்ட். இயங்காவிட்டால் மெக்கானிசத்தில் கிரீஸ் உறைந்திருக்கலாம், காயிலின் பிளஞ்சர் துருப்பிடித்திருக்கலாம். பேனலில் உள்ள ட்ரிப் சர்க்யூட் ஹெல்தி விளக்கு பிரேக்கர் மூடிய நிலையிலும் எரிகிறதா என்று ஒவ்வொரு ஷிப்டிலும் பார்க்க வேண்டும்.

ட்ரிப் ஆன பிறகு

ரிலேயின் கொடியையும் பதிவான ஆம்பியரையும் எழுதாமல் ரீசெட் செய்யாதீர்கள். உடனடி ட்ரிப் என்றால் முதல் 2 கி.மீ.யில் தேடுங்கள். இரண்டு ஃபேஸ் ஓவர்கரண்ட் மட்டும் என்றால் தளர்ந்த கம்பிகள் உரசியிருக்கும். எர்த் ஃபால்ட் மட்டும் என்றால் மரம், பாம்பு, வெடித்த இன்சுலேட்டர், ஒடிந்த ஸ்டே (கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி). பதிவான ஆம்பியரை மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் தூரமும் தோராயமாகத் தெரியும்: இந்தப் பீடரில் இரு ஃபேஸ் பழுது 600-க்கு அருகே என்றால் 12-வது கி.மீ. பக்கம், 400 என்றால் கிளையின் வால்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் விடியற்காலைப் பனியிலும் முதல் மழையிலும் மட்டும் போகிறதென்றால் பின் (pin) வகை இன்சுலேட்டருக்குள் துளை விழுந்திருக்கும். லைனை எல்.சி. எடுத்து, இருபுறமும் எர்த் செய்து, மின்னூட்டம் இறங்கியதும் ஏ.பி. (ஏர் பிரேக்) சுவிட்சுகளால் பாதி பாதியாகப் பிரித்து, அளக்கும் பகுதியின் எர்த்தை மட்டும் அந்த நேரத்துக்கு நீக்கி, 5 கி.வோ. மெகரால் (காப்பின் மின்தடையை அளக்கும் கருவி) அளந்து வாருங்கள். டிரான்ஸ்பார்மர்களின் ஹெச்.ஜி. பியூஸை இறக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். ஏ.பி. சுவிட்ச் லோடை உடைக்கும் கருவி அல்ல, நிலையத்தில் பிரேக்கர் திறந்திருக்கும்போது மட்டுமே தொடுங்கள். பழுது எங்கே என்று பார்க்க "ஒரு தடவை போட்டுப் பார்" என்று பீடரை ஏற்றி ஏற்றி விடுவதால் அறுந்த கம்பி ஒவ்வொரு முறையும் உயிர் பெறுகிறது. பவர் டிரான்ஸ்பார்மரின் சுற்றுகளும் ஒவ்வொரு முறையும் அதிர்ந்து தளர்கின்றன. ஒரு முறை கையால் ஏற்றி நிற்கவில்லை என்றால் ஆள் லைனில் நடந்தாக வேண்டும்.